ஒத்தைப் புள்ளியால வந்த வினை

2009 அக்டோபர் 12, திங்கட்கிழமை. ஸ்வீடனில் இரவு பத்து மணி நெருங்கும் நேரம். அந்த நாட்டுக்கான டாட் எஸ்இ தளங்கள் எல்லாம் திடீரென்று காணாமல் போயின. செய்தித்தாள், வங்கி, அரசாங்கம், மளிகைக் கடை என்று ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். எந்தத் தளமும் பழுதாகவில்லை, எந்தக் கம்பியும் அறுபடவில்லை. பராமரிப்பு வேலைக்காக ஓடவிட்ட ஒரு ஸ்கிரிப்ட், ஸோன் ஃபைலில் ஒவ்வொரு பெயரின் கடைசியிலும் போட வேண்டிய புள்ளியைப் போடாமல் விட்டுவிட்டது. அம்புட்டுத்தான்!

நம்மில் பொட்டி தட்டுகிறவர்களுக்கு ஸோன் ஃபைல் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சுருக்கமாக. நீங்கள் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்கு உரிய எண் எது என்று டிஎன்எஸ் சர்வர் தேடிச் சொல்கிறது. அது பார்த்துச் சொல்லும் ஏடுதான் ஸோன் ஃபைல். சாதாரண எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறந்து படிக்கலாம். இன்ன பெயருக்கு இன்ன எண், இந்தப் பெயருக்கு வரும் மெயிலை இந்தச் சர்வரிடம் கொடு, இந்தக் கிளையைப் பற்றி அந்தச் சர்வரிடம் கேள் என்று வரிசையாக இருக்கும்.

இதில் புள்ளிக்கு என்ன வேலை? பெயரின் கடைசியில் புள்ளி இருந்தால் "முகவரி இத்தோடு முடிந்தது" என்று அர்த்தம். புள்ளி இல்லை என்றால், சர்வர் தன் ஊர்ப்பெயரைத் தானாகவே பின்னால் ஒட்டிக்கொள்ளும். எங்க திண்டுக்கல்லில் ஆட்டோக்காரரிடம் "நாகல் நகர்" என்று சொன்னால் போதும், ஊர்ப்பெயர் சொல்ல வேண்டியதில்லை. அது வசதிதான். ஆனால் அதே வழக்கத்தில் "மதுரை மாட்டுத்தாவணி" என்று சொன்னதற்கும் அவர் பின்னால் திண்டுக்கல்லை ஒட்டிக்கொண்டு, "மாட்டுத்தாவணி, மதுரை, திண்டுக்கல்" என்று தேட ஆரம்பித்தால்? ஸ்வீடனில் அன்றைக்கு நடந்தது இதுதான். ஒவ்வொரு சர்வரின் பெயருக்குப் பின்னாலும் இன்னொரு எஸ்இ ஒட்டிக்கொண்டு, இல்லாத முகவரியாகிவிட்டது.

கவனியுங்கள் மக்களே, இலக்கணப்படி அந்த ஃபைலில் ஒரு பிழையும் இல்லை. புள்ளி இல்லாமல் எழுதுவதும் செல்லுபடியாகும் எழுத்துதான். பொருள்தான் மாறிப்போச்சு.

சரி, இந்த ஏடு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் காலத்தில் உலகத்துக்கே ஒரே ஏடுதான். பெயர் ஹோஸ்ட்ஸ் டெக்ஸ்ட். கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு அதைப் பராமரித்தது. புதுக் கணினி சேர்ந்தால் அவர்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அவர்கள் பார்த்துச் சேர்ப்பார்கள், மற்ற எல்லோரும் அந்த ஃபைலை இறக்கிக்கொள்வார்கள். பெயர் இரட்டிப்பாக இருக்கிறதா, எழுத்துப் பிழையா என்று பார்க்க ஒரே இடம், ஒரே குழு. கணினிகள் பெருகப் பெருக இது தாங்கவில்லை. 1983-இல் ஜான் போஸ்டல் கேட்டுக்கொண்டதன் பேரில் பால் மொகாபெட்ரிஸ் வடிவமைத்ததுதான் டிஎன்எஸ். அந்த நவம்பரில் ஆர்எஃப்சி 882, 883 என்று இரண்டு ஆவணங்கள் வந்தன. 1987 நவம்பரில் அவற்றைத் திருத்தி எழுதிய 1034, 1035 தான் இன்றைக்கும் அடிப்படை.

இந்த மாற்றத்தில் பலருக்கும் கண்ணில் படாத ஒரு விஷயம் இருக்கிறது. ஏட்டைப் பிரித்து அவரவர் கையில் கொடுத்தபோது, பிழை பார்க்கும் பொறுப்பும் சேர்ந்தே பிரிந்துபோனது. அதற்கு முன் ஒரு குழு பார்த்தது. அதற்கப்புறம் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர், தங்கள் ஏட்டைத் தாங்களே எழுதி, தாங்களே பார்க்க வேண்டியதாயிற்று. பல பேர் பார்க்கவில்லை :-)

விளைவு, பத்து வருடத்துக்குள் பிழைகளுக்கென்றே ஆவணம் எழுத வேண்டி வந்தது. 1993-இல் நெதர்லாந்தின் பீட் பெர்டெமா, டிஎன்எஸ் கோப்புகளில் வழக்கமாக வரும் தவறுகளைத் தொகுத்து ஆர்எஃப்சி 1537-ஐ எழுதினார். 1996 பிப்ரவரியில் டேவிட் பார் அதை விரிவாக்கி 1912 என்று கொண்டுவந்தார். கடைசிப் புள்ளியை விடுவது, சீரியல் நம்பரை ஏற்ற மறப்பது, இல்லாத சர்வரைக் கைகாட்டுவது, மாற்றுப்பெயரை மெயில் சர்வராகக் காட்டுவது என்று எல்லாம் அதில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இருக்கிற புள்ளிதான் பதிமூன்று வருடம் கழித்து ஸ்வீடனைக் கவிழ்த்தது.

சீரியல் நம்பர் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபைலை மாற்றும்போதெல்லாம் இந்த எண்ணைக் கூட்ட வேண்டும். துணைச் சர்வர்கள் எண் கூடியிருந்தால்தான் புது நகல் எடுக்கும். வருடம், மாதம், தேதி, அன்றைக்கு எத்தனையாவது திருத்தம் என்று 2009101201 மாதிரி பத்து இலக்கத்தில் எழுதுவது வழக்கம். கூட்ட மறந்தால் முதன்மைச் சர்வர் ஒரு பதில் சொல்லும், துணைச் சர்வர் பழைய பதிலைச் சொல்லும். எப்போது எது வரும் என்று தெரியாது. கைதவறி வருடத்தை 2090 என்று அடித்துவிட்டால் இன்னும் மோசம். அப்புறம் சரியான தேதி போட்டாலும் "இது பழசு" என்று துணைச் சர்வர் சீண்டாது.

இதெல்லாம் பெரிய ஊர்க் கதை என்று நினைக்க வேண்டாம். வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகள் அதிகம் என்பது தெரியும். அதில் ஒரு மில்லில் எனக்குத் தெரிந்த அண்ணன் கணக்கு பார்க்கிறார். ஒரு முறை தளத்தை வேறு கம்பெனிக்கு மாற்றினார்கள். புதுக் கம்பெனியில் யாரோ மெயில் சர்வர் பெயரை எழுதும்போது கடைசிப் புள்ளியை விட்டுவிட்டார்கள். தளம் ஜம்மென்று திறந்தது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. திருப்பூரிலிருந்து நூலுக்கு ஆர்டர் போட்டவர்களின் மெயில்தான் இரண்டு நாள் திரும்பிப் போய்க்கொண்டே இருந்தது. "என்னண்ணே, ரெண்டு நாளா பதிலே இல்ல, வேற இடத்துல வாங்கிட்டோம்" என்று போன் வந்தபிறகுதான் தெரிந்தது. அந்த லோடு போனது போனதுதான்.

இப்போது விஷயத்தின் முக்கியமான இடம். பிழை பார்க்கக் கருவி இல்லையா? இருக்கிறது. 1980-களில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் எழுதிய பைண்ட் மென்பொருளின் ஒன்பதாவது தலைமுறை 2000-இல் வந்தது. அந்தத் தலைமுறையோடு நேம்ட்-செக்ஸோன் என்ற சின்னக் கருவியும் வருகிறது. ஃபைலைச் சர்வரிடம் கொடுக்கும் முன் இதனிடம் கொடுத்தால், சர்வர் படிக்கிற மாதிரியே படித்துப் பார்த்து, இத்தனாவது வரியில் இன்ன தப்பு என்று சொல்லும். தப்பில்லை என்றால் ஓகே என்று ஒரு வரி. ஸோனுக்குள்ளேயே இருக்கும் சர்வர் பெயருக்கு எண் கொடுத்திருக்கிறதா என்பதைக்கூடப் பிற்காலப் பதிப்புகள் பார்க்கின்றன. மில்காரர்களுக்கு நேர்ந்தது அதில் மாட்டியிருக்கும்.

ஆனால் அந்த ஓகேவுக்கு என்ன அர்த்தம்? எங்க ஊர்ப் பூட்டை வைத்துச் சொல்கிறேன். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு, கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்கிறேன். செய்த பூட்டு பூட்டுகிறதா, திறக்கிறதா என்று பார்ப்பது ஒரு சோதனை. வேறு சாவிக்குத் திறக்காமல் இருக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு சோதனை. முதல் சோதனையில் மட்டும் தேறிய பூட்டை யாராவது கடைக்குப் போடுவார்களா? ஸோன் ஃபைலில் எண்ணைத் தப்பாக எழுதியிருந்தாலும், பாதிப் பெயர்கள் காணாமல் போயிருந்தாலும், மிச்சம் இருப்பது ஒழுங்காக இருந்தால் கருவி ஓகே என்றுதான் சொல்லும். பாவம், அதற்கு நேற்றைக்கு என்ன இருந்தது என்று தெரியாதே.

2010 மே 12-இல் ஜெர்மனியில் இதுதான் நடந்தது. டாட் டிஇ-யில் அப்போது ஒரு கோடியே முப்பது லட்சத்துக்கும் மேல் பெயர்கள். ஸோன் ஃபைலை நகலெடுக்கும்போது பாதியில் நின்று, அரைகுறை ஃபைல் பெரும்பாலான சர்வர்களுக்குப் போய்விட்டது. விடுபட்ட பெயர்களைக் கேட்டவர்களுக்கு "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று பதில் போனது. சுமார் இரண்டு மணி நேரம். "தெரியவில்லை" என்றால் கேட்டவர் வேறு சர்வரிடம் கேட்பார். "இல்லை" என்று அடித்துச் சொன்னால் நம்பிவிடுவார். அனுப்பிய மெயிலும் அப்படியே திரும்பிவிடும்.

1997 ஜூலை 17 கதை இதைவிட மோசம். டாட் காம், டாட் நெட் ஏடுகளைத் தயாரித்த நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனத்தில், டேட்டாபேஸ் கோளாறால் அன்று அதிகாலை கெட்டுப்போன ஃபைல் உருவானது. சோதனை அமைப்பு தூங்கவில்லை, எச்சரிக்கை அடித்தது. அதைப் பொருட்படுத்தாமல் பணியில் இருந்தவர் ஃபைலை வெளியே விட்டுவிட்டார். நாலு மணி நேரம் கழித்துத்தான் சரியான ஃபைல் போனது. ஆக, பார்க்காமல் விட்டது ஒரு கதை, பார்த்தும் விட்டது ஒரு கதை.

இன்னொன்று, ஃபைலைத் திருத்திய உடனே தொல்லை தீராது. ஸ்வீடனில் ஒரு மணி நேரத்துக்குள் நல்ல ஃபைலைப் போட்டுவிட்டார்கள். ஆனால் அதற்குள் கேட்டவர்களின் சர்வர்கள் தப்பான பதிலை வாங்கிச் சேமித்து வைத்திருந்தன. இணைய நிறுவனங்கள் அதை அழிக்கும்வரை, அல்லது காலாவதி ஆகும்வரை தப்பே ஓடிக்கொண்டிருந்தது. புத்தகத்தில் பிழை திருத்தம் ஒட்டுகிற மாதிரி இங்கே ஒட்ட முடியாது. அதனால்தான் சோதனை, உபயோகத்துக்கு முன்னால் நடக்க வேண்டும்.

யோசித்துப் பார்த்தால் புள்ளித் தொல்லை நமக்குப் புதுசில்லை. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்று காரணம் சொல்வார்கள். "பல" என்று இருந்தால் அது பலவா, பல்லா என்று படிக்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததற்கு முன், ஒரே நூலுக்குப் பல ஊர்ச் சுவடிகளைத் தேடிப் பிடித்து ஒப்பிட்டார். ஒரு சுவடியை எத்தனை முறை படித்தாலும் தெரியாத பிழை, பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் தெரிந்துவிடும். ஸோன் ஃபைலுக்கும் அதே வைத்தியம்தான்: நேற்றைய ஃபைலைப் பக்கத்தில் வைத்து எத்தனை வரி மாறியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு வித்தியாசம் உண்டு. சுவடிகள் வெவ்வேறு கைகள் எழுதியவை. பத்துத் துணைச் சர்வர்களோ ஒரே முதன்மையைப் பார்த்து எழுதியவை. முதல் ஏட்டில் பிழை இருந்தால் பத்தும் ஒரே குரலில் தப்பைச் சொல்லும். அதைப் பத்துச் சாட்சி என்று நினைத்துவிடக் கூடாது.

நமக்கு இதில் தனி அக்கறையும் இருக்க வேண்டும். 2010-இல் .இலங்கை, 2011-இல் .சிங்கப்பூர், .இந்தியா என்று தமிழிலேயே மேல்நிலைப் பெயர்கள் வந்துவிட்டன. ஆனால் ஸோன் ஃபைலுக்குள் தமிழ் எழுத்து நேரடியாகப் போகாது. 2003-இல் வந்த புனிகோட் முறைப்படி, எக்ஸ் என் என்று ஆரம்பித்து இரண்டு கோடு போட்டு, வாயில் நுழையாத ரோமன் எழுத்துக் கோவையாக மாறித்தான் போகும். அதைக் கண்ணால் படித்துப் பிழை திருத்த யாராலும் முடியாது. அதோடு "ஔ" என்று ஓரெழுத்தாக அடிப்பதும், "ஒ"வையும் "ள"வையும் சேர்த்து "ஒள" என்று அடிப்பதும் திரையில் ஒன்று போலத் தெரியும், கணினிக்கு அவை வெவ்வேறு பெயர்கள். எனவே தமிழ்ப் பெயர் வைத்திருப்பவர்கள் கோவையைத் திரும்பத் தமிழாக்கி, ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

பெரிய இடங்களில் இப்போது இன்னொரு காவலும் இருக்கிறது. 2021-இல் வந்த ஆர்எஃப்சி 8976, முழு ஸோனுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு ஸோனுக்குள்ளேயே வைக்க வழி செய்தது. 2023-இல் இணையத்தின் ரூட் ஸோனிலும் அது சேர்ந்தது. ஜெர்மனி மாதிரி பாதியில் அறுந்த நகல் வந்தால் வாங்குகிற சர்வரே கண்டுபிடித்துவிடலாம். ஸ்வீடன் மாதிரி முழுசாகத் தப்பாக எழுதி அனுப்பினால் இதுவும் "சரி" என்றுதான் சொல்லும்.

சொந்த டொமைன் வைத்திருக்கும் நண்பர்களுக்கு, மாற்றம் செய்யும் முன் பார்க்க வேண்டியவை:

1. கருவியிடம் கொடுங்கள். ஓகே வந்தால் பாதி வேலைதான் முடிந்தது.
2. பழைய ஃபைலோடு ஒப்பிடுங்கள். நீங்கள் மாற்றியது ஒரு வரி என்றால் வித்தியாசமும் அந்த வரியும் சீரியல் நம்பரும் மட்டுமே இருக்க வேண்டும்.
3. மாற்றியபின் முதன்மை, துணை இரண்டு சர்வரையும் தனித்தனியாகக் கேளுங்கள். சீரியல் நம்பர் ஒன்றாக இருக்கணும்.
4. தளம் திறக்குதான்னு மட்டும் பார்த்துட்டு எழுந்து போயிடாதீங்க. வெளியிலிருந்து உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிப் பாருங்க.

டிஸ்கி: நாலாவது வரி வேடசந்தூர் அண்ணன் சொல்லச் சொன்னது.