மலாக்கா நகரும் மறையாச் சின்னங்களும்

ஆற்றங்கரைகளிலேயே ஆதி நகரங்கள் தோன்றின என்பது சரித்திரம் கற்கும் மாணவர் யாவரும் அறிந்ததே. ஆயினும் ஆறு பெரிதாயின் நகரின் புகழும் பெரிதாகும் என்று எண்ணுதல் தவறு. மலாயத் தீபகற்பத்தின் மேற்குக் கரையிலுள்ள மலாக்கா நகரினூடே ஓடும் ஆறு மிகச் சிறியது. இக்கரையில் நிற்பவன் அக்கரையில் நிற்பவனை அழைத்துப் பேசலாம். அத்தகைய சிற்றாற்றின் முகத்துவாரத்தை நாடியே சீனரும் குசராத்தியரும் சாவகரும் தமிழரும் மரக்கலமேறி வந்தனர். அவர்க்குப் பின்னர்ப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்போர் ஒருவர்பின் ஒருவராக வந்து ஆண்டனர். நம் ஈழநாட்டுக் கரையோரத்தை ஆண்டவரும் இம்மூவரே. ஆதலின் மலாக்காவின் சரித்திரம் நமக்கு முற்றும் அந்நியமானதன்று. அந்நகர் செல்வோர் காணத்தக்கவை எவை, கண்டவற்றிலிருந்து நாம் கருதத்தக்கது யாது என்பவற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

நெல்லிமரமும் காற்றும்

கி. பி. 1400ஆம் ஆண்டளவில் சுமாத்திராவின் பலெம்பாங்கு அரச குலத்தைச் சேர்ந்த பரமேசுவரன் என்பவன் இந்நகரைத் தாபித்தான். அவன் ஆற்றங்கரையில் வேட்டையாடியபோது சருகுமான் ஒன்று வேட்டைநாயை உதைத்துத் தள்ளியதென்றும், எளிய பிராணிக்கும் வீரமூட்டும் நிலம் இதுவே எனக் கண்டு அங்கே நகரமைத்தான் என்றும் மலாய் மக்களின் பழங்கதை கூறும். அப்போது அவன் சாய்ந்திருந்த மரத்தின் பெயரே நகரின் பெயராயிற்றாம். அம்மரம் வேறன்று, நாம் நன்கறிந்த நெல்லியே. வடமொழியில் 'ஆமலகம்' என வழங்கும் அதன் பெயரே மலாக்கா எனத் திரிந்தது என்பர் அறிஞர் சிலர்.

கதை எவ்வாறாயினும், நகரை வளர்த்தது காற்று. நம் கடலோடிகள் வாடை என்றும் சோழகம் என்றும் சொல்லும் பருவக்காற்றுக்களின் வழியிலே மலாக்கா அமைந்துள்ளது. சீனத்து மரக்கலங்கள் வாடையில் வந்து சோழகத்தில் மீளும். மேற்கிலிருந்து வருவோரும் தத்தமக்கு வேண்டிய காற்று வீசும்வரை அங்கே மாதக்கணக்கில் தங்கினர். காத்திருக்கும் வணிகனுக்குப் பண்டகசாலை வேண்டும், உணவு வேண்டும், வழிபட ஓர் இடம் வேண்டும். இவ்வாறே ஒவ்வோர் இனத்தார்க்கும் ஒவ்வொரு குடியிருப்பு உண்டாயிற்று.

சீனக் கடற்றளபதி செங் ஹோவின் பெரும் மரக்கலத் தொகுதி மலாக்காவில் நங்கூரமிட்டது. 1411இல் பரமேசுவரன் தானே சீனம் சென்று பேரரசரைக் கண்டான். அதே செங் ஹோ 1409ஆம் ஆண்டைக் குறித்துப் பொறித்த கல்லொன்று நம் நாட்டுக் காலியிலே 1911இல் கண்டெடுக்கப்பட்டது. அது கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றது. சீனம், பாரசீகம், தமிழ் ஆகிய மும்மொழிகளில் அமைந்த அக்கல்லின் தமிழ்ப்பகுதி தெனவரை நாயனாருக்கு அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றது. இந்து சமுத்திரத்து வணிகருக்குச் செய்தி சொல்ல விரும்பிய சீனர் தேர்ந்த மூன்று மொழிகளுள் தமிழும் ஒன்றாயிருந்தது என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

வணிகர் செழித்த நாட்கள்

மலாக்கா சுல்தான்கள் வணிகரை ஆளும் பொருட்டு 'ஷாபந்தர்' எனப்படும் துறைமுகத் தலைவர் நால்வரை நியமித்தனர். குசராத்தியர்க்கு ஒருவர், சோழமண்டலக் கரை, வங்காளம், பெகு முதலிய இடத்தார்க்கு ஒருவர், சாவகம், மொலுக்காஸ் முதலிய தீவினர்க்கு ஒருவர், சீனர் முதலியோர்க்கு ஒருவர். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வாழ்ந்த தோமே பிரேஸ் என்னும் போர்த்துக்கேயர், அந்நகரிலே 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதியுள்ளார். சோழமண்டலத்துத் துணிகள் அங்கே இறங்கின. மொலுக்காஸ் தீவுகளின் கிராம்பும் பண்டாத் தீவுகளின் சாதிக்காயும் ஏறின. இவ்வணிகத்தில் முன்னணியில் நின்றோருள் தமிழ் இந்துக்களும் தமிழ் முஸ்லிம்களும் அடங்குவர். போர்த்துக்கேயர் தம் ஏடுகளில் 'நினா சாத்து' எனக் குறித்த இந்து வணிகர் ஒருவர், 1511இன் பின் அவர்களாலே நகரின் உயர்பதவியில் அமர்த்தப்பட்டார்.

இடிந்த கோட்டை

1511இல் அல்பூக்கெர்க் மலாக்காவைத் தாக்கினான். நகரை இரு கூறாகப் பிரித்த ஆற்றின் மேலிருந்த பாலத்தைப் பற்றுவதற்கே பெரும்போர் நிகழ்ந்தது. பாலம் வீழ்ந்தபின் நகரும் வீழ்ந்தது. வென்றவன் உடனே 'பமோசா' என்னும் பெருங்கோட்டையை எழுப்பினான். பள்ளிவாசலினதும் அரசர் கல்லறைகளினதும் கற்களைப் பெயர்த்தே அக்கோட்டைச் சுவர்கள் கட்டப்பட்டன. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றி, பின்னர் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலையும் இடித்தவரின் முன்னோர் செய்த செயல் இது என்றால் நமக்கு வியப்பு உண்டாகாது.

ஐந்து மாதங்களுக்கு மேல் நீடித்த முற்றுகையின் பின் 1641இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தனர். கொழும்பு 1656இலும் யாழ்ப்பாணம் 1658இலும் அவர் கைப்பட்டன. 1795இல் மலாக்காவுக்கு வந்த ஆங்கிலேயரோ கோட்டையைக் காக்க விரும்பவில்லை. பினாங்குக்கு வணிகத்தைத் திருப்பவும், என்றேனும் மலாக்கா பிறர் கைக்கு மீளுமாயின் அதனாற் பயனின்றிச் செய்யவும் கருதி, 1807இல் வெடிமருந்து வைத்து அதனைத் தகர்த்தனர். எஞ்சியது ஒரு வாயில் மட்டுமே. சந்தியாகோ வாயில் எனப்படும் அதன் முகப்பிலே ஒல்லாந்தக் கம்பனியின் சின்னமும் 1670 என்னும் ஆண்டும் காணப்படும். யாழ்ப்பாணக் கோட்டையின் உட்பகுதியை ஒல்லாந்தர் கட்டி முடித்தது 1680இல் ஆகும். அக்கோட்டை நம் காலத்துப் போரிலே எந்நிலை அடைந்தது என்பதை மூத்தோர் நேரிற் கண்டிருப்பர். மலாக்கா வாயிலின்முன் நிற்பவர்க்கு விளக்கம் வேண்டியதில்லை.

வாயிலின் பின்னே குன்றின்மேல் கூரையற்ற தேவாலயம் ஒன்று உண்டு. 1521இல் போர்த்துக்கேயர் கட்டிய இவ்வாலயத்திலே, தமிழகத்து முத்துக்குளித்துறையில் தொண்டாற்றிய சவேரியாரின் உடல், 1553இல் கோவாவுக்குக் கொண்டுபோகப்படுமுன் சில காலம் வைக்கப்பட்டிருந்தது. வெறுமையான அக்குழியை இன்றும் காணலாம். குன்றிலிருந்து நோக்கினால் கடல் முன்னையிலும் தூரத்தே விலகியிருப்பது தெரியும். கரையைத் தூர்த்து நிலமாக்கியுள்ளனர்.

குன்றின் அடியிலே ஆற்றையடுத்துள்ளது செந்நிறச் சதுக்கம். ஒல்லாந்த தேசாதிபதியின் மாளிகையாயிருந்த ஸ்டாதைஸ் 1650ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டது; இப்போது நூதனசாலையாயுள்ளது. அருகிலுள்ள கிறிஸ்து தேவாலயம், ஒல்லாந்தர் ஆட்சியின் நூறாம் ஆண்டாகிய 1741இல் தொடங்கி 1753இல் முடிக்கப்பட்டது. பலரும் ஒல்லாந்தர் பூசியதென எண்ணும் அச்செந்நிறம் ஆங்கிலேயர் காலத்திலே பூசப்பட்டது.

அக்கரையில் நிலைத்தவை

பாலத்தைக் கடந்து ஆற்றின் மறுகரை சென்றால், ஆண்டவர்களின் நகரை விட்டு வாழ்ந்தவர்களின் நகரை அடைகிறோம். குறுகிய முகப்பும் நீண்ட உட்புறமும் கொண்ட வணிகர் வீடுகள் தெருவின் இருமருங்கும் நெருங்கி நிற்கும். பொற்கொல்லர் தெருவிலே ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் உள்ளது. ஒல்லாந்தர் ஆட்சியிலே, செட்டிகள் எனப்படும் தமிழ்ச் சமூகத்தின் தலைவர் தெய்வநாயகம் செட்டியிடம் அளிக்கப்பட்ட நிலத்தில் 1781இல் அது எழுந்தது. மலேசியாவில் இன்றும் வழிபாடு நிகழும் இந்து ஆலயங்களுள் மிகப் பழையதாக அது போற்றப்படுகின்றது. சில அடி நடந்தால், இந்திய முஸ்லிம் வணிகர் 1748இல் அமைத்த கம்போங் கிளிங் பள்ளிவாசல். அதற்குக் குவிமாடம் இல்லை. மூன்றடுக்குக் கூரையும் சீனக் கோபுரம் போன்ற தூபியும் உண்டு. இன்னும் சில அடி சென்றால், பதினேழாம் நூற்றாண்டிலே தொடங்கிய செங் ஹூன் தெங் என்னும் சீனக் கோயில். மணியோசையும் பாங்கொலியும் ஊதுபத்திப் புகையும் ஒரே தெருவழியிற் கலக்கின்றன.

கோட்டைச் சுவர் பல அடி தடிப்புடையது, அது போயிற்று. இவ்வாலயங்களுக்குப் பீரங்கியும் இல்லை, அகழியும் இல்லை, இவை நிற்கின்றன. ஒவ்வொரு நாளும் திறந்து விளக்கேற்ற ஒருவர் இருந்தமையே இதன் காரணம். 2008இல் யுனெஸ்கோ தாபனம் மலாக்காவையும் பினாங்கின் ஜார்ஜ் டவுனையும் உலக மரபுரிமை நகரங்களாக ஏற்றபோது, இத்தகைய பன்மக்கள் வாழ்வையே சிறப்பாகக் கருதிற்று.

மாலையில் ஆற்றிலே படகேறிச் செல்லலாம். வெள்ளி முதல் ஞாயிறு வரை இரவில் யோங்கர் வீதியிலே சந்தை கூடும். ஆயினும் தமிழராய்ப் பிறந்தோர் தவறாது காணவேண்டிய இடம் நகர்ப்புறத்தே காஜா பெராங் பகுதியிலுள்ள செட்டிகளின் கிராமமாகும்.

தமிழ் பேசாத சைவர்

மலாக்காச் செட்டிகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட்டித்தொழிலின் பொருட்டு வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியாரோடு ஒன்றெனக் கொள்ளலாகாது. இவர்கள் சுல்தான்கள் காலத்திலே வந்து, அந்நாட்டுப் பெண்களை மணந்து நிலைத்த தமிழ் வணிகரின் வழித்தோன்றல்கள். ஐரோப்பியர் ஆட்சியிலே கடல் வணிகம் கைவிட்டுப் போக, இவர்கள் நகர்ப்புறம் சென்று கமமும் கைத்தொழிலும் செய்தனர். இன்று இவர்களின் வீட்டுமொழி மலாய். உடை சாரமும் கெபாயாவும்; உணவும் மலாய் நாட்டுச் சுவையுடையது. ஆனால் பெயரின் பின்னே பிள்ளை, செட்டி, நாயக்கர் என வரும். சமயம் சைவம். 1822இல் தாபித்த முத்துமாரியம்மன் ஆலயத்திலே ஆண்டுதோறும் பெருவிழா எடுக்கின்றனர். தைப்பொங்கலுக்கு முதல்நாள் 'பார்ச்சு' என்னும் படையல் நடைபெறும். வாழையிலையிலே உணவு படைத்து, குடும்பமாகக் கூடி முன்னோரை வணங்குவர். வேண்டுதல் சொல்வது மலாய் மொழியில். வேண்டப்படுபவர் தமிழ் முன்னோர். அக்கிராமத்திலுள்ள சிறு நூதனசாலையில் இவர்களின் வாழ்க்கை முறையைக் காணலாம்.

இதனோடு பிறிதொன்றை ஒப்புநோக்குதல் வேண்டும். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தையெனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லா 1796இல் மலாக்காவிலே பிறந்தார். அராபியரதும் தமிழரதும் குருதி கலந்த குடும்பத்தினர் அவர். சிறுவயதிலே தம் தந்தையார் தம்மைத் தமிழ் கற்க அனுப்பியதை அவர் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். கணக்குப் பார்க்கவும் வணிகரோடு பேசவும் பயன்படும் என்பதற்காக, வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது அந்நாளில் அங்கு வழக்கமாம். அவர் இரண்டரை ஆண்டு கற்றார். அதாவது, பிறர் தம் பிள்ளைகளைப் பொருள் கொடுத்துத் தமிழ் படிப்பித்த நகரத்திலேயே, தமிழரின் சந்ததி தமிழை இழந்துவிட்டது.

இவ்விழப்புக்காகச் செட்டிகளைக் குறைகூறுதல் அறியாமையாகும். தாயின் மொழி மலாய். தாயகத்தோடு இருந்த தொடர்பு குறைந்தது.  இத்தனைக்கும் நடுவே பல நூற்றாண்டு தம் சமயத்தை விடாது காத்த அவர்கள் நம் வணக்கத்திற்குரியவர். வீட்டிலே ஆண்டுதோறும் கையாற் செய்யப்பட்டது நிலைத்தது. ஆசிரியனின்றிக் கற்கமுடியாதது மறைந்தது. சந்தையின் பயன் கருதி மட்டும் கற்ற மொழியும் சந்தை கலைந்தபோது உடன் போயிற்று. மலாக்கா கற்பிக்கும் பாடம் இதுவே.

ஒரு காலத்திலே நம் யாழ்ப்பாணத்து இளைஞர் புகையிரதப் பகுதியிலும் அரசாங்க இலிகிதர் உத்தியோகத்திலும் அமர மலாயாவுக்குக் கப்பலேறினர். நம் தலைமுறையினர் கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் பரந்து வாழ்கின்றனர். அவர்தம் வீடுகளிலே பொங்கற்பானை தவறாது ஏறுகின்றது, தேரும் ஓடுகின்றது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் எம்மொழியில் முன்னோரை அழைப்பார்கள் என்பது எளிதில் விடைகூறத்தக்க வினாவன்று. ஊரிலிருக்கும் நாமும் திருவிழாவுக்குக் கூடும் அளவுக்குத் தேவாரம் கற்கவும் பொருள் உணரவும் கூடுகின்றோமா என்று நம்மை நாமே கேட்கலாம். மன்றங்களின் பணி இங்கேயே தொடங்குகின்றது. ஒரு சிறுவனை அருகிருத்தி ஒரு பதிகமேனும் பொருளோடு கற்பிப்பவர், கோட்டை கட்டியவர் செய்யாததைச் செய்தவராவர். மூத்தோர் கற்பிக்க முன்வருக. இளைஞர் கற்க முன்வருக.