ஸ்ரீவைகுண்டத்து மண்கோட்டையும் மூன்று அறநோக்குகளும்

தாமிரபரணியின் வடகரையில் அமைந்த ஸ்ரீவைகுண்டம், நவதிருப்பதிகளுள் முதலாவதாகிய கள்ளபிரான் திருக்கோயிலால் வைணவ உலகிலும், பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் பிறந்த ஊர் என்பதால் சைவ உலகிலும் புகழ்பெற்றது. சமூக வரலாறு எழுதுவோர் இவ்வூரை நினைவுகூர்வதற்கு மூன்றாவது காரணமும் ஒன்று உண்டு. அது ஒரு மண்கோட்டை.

கோட்டைப் பிள்ளைமார் எனப்பட்ட சிறு வேளாளப் பிரிவினர் அக்கோட்டைக்குள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். தம் குழுவுக்குள்ளேயே மணவுறவு கொண்டனர். ஆடவர் வெளியே சென்று வந்தனர். மகளிரோ மதிலைத் தாண்டுவதில்லை என்பது அவர்தம் வழக்கம். அயல் ஆடவர் உள்ளே நுழையவும் தடை இருந்தது. 1909ஆம் ஆண்டு வெளிவந்த தென்னிந்தியச் சாதிகள், குடிகள் பற்றிய தொகுதிகளில் எட்கர் தர்ஸ்டன் இவர்களைப் பற்றிய குறிப்புகளைச் சேர்த்துள்ளார். மானிடவியலாளர் கமலா கணேஷ் இச்சமூகத்தை ஆராய்ந்து எழுதிய நூல் 1993இல் வெளிவந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வழக்கம் மறைந்தது. மதில் மறைந்தாலும் அது எழுப்பும் அறவியல் வினா மறையவில்லை. மேலைநாட்டுச் சிந்தனையில் தனித்தனியே வளர்ந்த நற்பண்பு அறவியல், சமூக ஒப்பந்தக் கொள்கை, பெண்ணிய அறவியல் ஆகிய மூன்றையும் இந்த ஒரே மதிலின்முன் நிறுத்திப் பார்த்தால் அவற்றின் வலிமையும் குறையும் விளங்கும்.

நற்பண்பு அறவியல், 'எச்செயல் சரி?' என்று கேட்பதற்கு முன் 'எத்தகைய மனிதராக வாழ்வது?' என்று கேட்கிறது. அதன் மூலவர் அரிஸ்டாட்டில். நெடுங்காலம் பின்தள்ளப்பட்டிருந்த இந்நெறிக்கு 1958இல் எலிசபெத் ஆன்ஸ்கோம் எழுதிய கட்டுரையும், 1981இல் அலஸ்டர் மாக்கின்டயர் எழுதிய நூலும் புத்துயிர் அளித்தன. தமிழருக்கு இந்நோக்கு புதியதன்று. நம் நீதி நூல்கள் பெரும்பாலும் பண்பையே பேசுகின்றன. கோட்டையைக் காத்தோரும் கற்பு என்னும் பண்பின் பெயராலேயே அதைக் காத்தனர். ஆயினும் நற்பண்பு அறவியலே அம்மதிலுக்கு எதிராகச் சான்று சொல்கிறது. தானே தெரிந்து மேற்கொண்டாலன்றி ஒரு செயல் நற்பண்பின் செயலாகாது என்பது அரிஸ்டாட்டிலின் கொள்கை. மகளிரைச் சிறையிட்டுக் காக்கும் காவலால் பயனில்லை, அவர்தம் நிறையே காவல் என்னும் கருத்தை வள்ளுவரும் வாழ்க்கைத் துணைநல அதிகாரத்தில் வைத்துள்ளார். ஆகவே மதில் பண்பைக் காக்கவில்லை. பண்பு வெளிப்படும் வாய்ப்பையே அடைத்தது.

எனினும் இந்நெறிக்கு ஒரு குறை உண்டு. நற்பண்பு யாருடையது என்ற வினாவை அது பல நேரம் எழுப்புவதில்லை. ஸ்ரீவைகுண்டத்துக் கவிஞராகிய குமரகுருபரர் நீதிநெறி விளக்கத்தில், கல்வியைக் கற்புடைய மனைவியாகவும், அவள் பெற்ற செல்வ மகனாக இனிய கவிதையையும், சொல்வளத்தைப் பொருட்செல்வமாகவும் உருவகம் செய்கிறார். கவிதைக்கு இதனினும் உயர்ந்த இடம் தருதல் அரிது. ஆனால் அவ்வுருவகத்தில் கற்பவர் ஆடவர். பெண்ணோ கல்விக்கு உவமை. அவர் பிறந்த ஊரிலேயே மதிலுக்குள் ஒரு மகளிர் உலகம் இருந்தது என்பதை நினைக்கும்போது இவ்வேறுபாடு ஆழமாகப் புலப்படும்.

சமூக ஒப்பந்தக் கொள்கை வேறு வினாவை எழுப்புகிறது: 'இவ்விதிக்கு யார் இசைந்தனர்?' ஹாப்ஸ் 1651இலும், லாக் அந்நூற்றாண்டின் இறுதியிலும், ரூசோ 1762இலும் அதிகாரத்தின் அடிப்படையை மக்களின் இசைவில் கண்டனர். ஒரு நாட்டில் தங்கி வாழ்வதே வாய்திறவா இசைவாகும் என்றார் லாக். உறக்கத்தில் கப்பலேற்றப்பட்டவன் நடுக்கடலில் குதிக்காமல் இருப்பதை இசைவு என்பதா என்று 1748இல் டேவிட் ஹியூம் மறுத்தார். கோட்டைக்குள் பிறந்த பெண்ணின் நிலையும் அதுவே. வெளியேறும் வழியில்லாதார் தங்கியிருப்பது இசைவாகாது. 1971இல் ஜான் ரால்ஸ் முன்வைத்த அறியாமைத் திரை இங்குப் பயன்படும். மதிலுக்கு உள்ளே பிறப்போமா வெளியே பிறப்போமா, ஆணாகவா பெண்ணாகவா என்று அறியாத ஒருவர் இவ்விதிக்குக் கையொப்பம் இடுவாரா? இடமாட்டார்.

ஆனால் ஒப்பந்தத்தில் அமர்ந்தோர் யார்? சமூக ஒப்பந்தத்தின் அடியில் பெண்ணை ஆணுக்கு உட்படுத்தும் மற்றோர் ஒப்பந்தம் மறைந்துள்ளது என்று 1988இல் கரோல் பேட்மன் காட்டினார். ரால்சின் நீதி குடும்பத்தின் வாயிலில் நின்றுவிடுகிறது என்று 1989இல் சூசன் மோலர் ஒக்கின் குறை கூறினார். இவர்களுக்குப் பல்லாண்டுகள் முன்பே, கற்பு பெண்ணுக்கு மட்டும் விதிக்கப்பட்ட கட்டளையாக இருப்பதைப் பெரியார் குடியரசு இதழில் கடுமையாகச் சாடியிருந்தார். எட்டயபுரத்துப் பாரதியோ கற்பை இருபாலார்க்கும் பொதுவில் வைத்தார்.

பெண்ணிய அறவியலின் மற்றொரு கிளை பேணுதல் பற்றியது. 1982இல் கரோல் கில்லிகனும் 1984இல் நெல் நாடிங்சும், உறவுகளைப் பேணும் உழைப்பும் அக்கறையும் அறச்சிந்தனையின் நடுவிடத்துக்கு உரியவை என்று வாதிட்டனர். அவ்வகையில் கோட்டைக்குள் மகளிர் செய்த அடுக்களைப் பணி, மகப்பேற்றுத் துணை, நோயாளியைப் பேணல் யாவும் வரலாறு எழுதாத அறச்செயல்களே. எனினும் இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. மதிலைப் பற்றிக் கேளாமல் பேணுதலை மட்டும் போற்றினால், போற்றுதலே இரண்டாவது மதிலாகிவிடும். அப்போது 'நீ இசைந்தாயா?' என்னும் ஒப்பந்தக் கொள்கையின் வினாவே பெண்ணியத்துக்குத் துணை வரவேண்டும்.

1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு, சட்டத்தின்முன் சமத்துவத்தையும், பாலின வேறுபாட்டின் பேரில் அரசு பாகுபாடு காட்டுதலுக்குத் தடையையும், நாடெங்கும் தடையின்றிச் செல்லும் உரிமையையும் குடிமக்கள் அனைவர்க்கும் எழுதி வைத்தது. தமிழ்நாட்டில் 1989இல் வந்த திருத்தம், இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மணமாகாத மகளிர்க்கு மகனுக்கு நிகரான பங்கு அளித்தது. 2005இல் நாடாளுமன்றம் செய்த திருத்தம் அவ்வுரிமையை மணமான மகளிர்க்கும் விரித்தது. புதிய ஒப்பந்தமும் ஒரே நாளில் நிறைவு பெறவில்லை என்பதற்கு அப்பதினாறு ஆண்டு இடைவெளியே சான்று.

மூன்று நோக்குகளுள் ஒன்றை மட்டும் கொள்வார்க்குக் கோட்டையின் ஒரு பக்கமே தெரியும். பண்பை மட்டும் பார்ப்பவர் மதிலைப் புகழக்கூடும். இசைவை மட்டும் பார்ப்பவர் உள்ளே நிகழ்ந்த அன்பைக் காணாது போகக்கூடும். பேணுதலை மட்டும் பார்ப்பவர் பூட்டிய வாயிலை மறக்கக்கூடும். மூன்றையும் சேர்த்துக் கேட்கும்போதுதான் அம்மகளிர் உவமைப் பொருளாக நில்லாமல், வாழ்ந்த மாந்தராக வரலாற்றில் இடம்பெறுவர். கல்வியை மனைவி என்று பாடிய ஊரில், கல்வியைத் தன் உடைமையாகப் பாடும் பெண்ணுக்கு உரிய இடத்தை அளிப்பது இன்றைய கவிஞர்தம் கடமையாகும்.