பைபாஸ் முடிந்தவர் எப்போது தறிக்குத் திரும்பலாம்? வீட்டில் கவனிக்க வேண்டியவை

திருவள்ளூர் மாவட்டம் பொதட்டூர்பேட்டை விசைத்தறி ஊர். தறி ஓடினால்தான் கூலி. அதனால் ஓபன் ஹார்ட் சர்ஜரி முடிந்து வீடு திரும்பும் தொழிலாளி முதலில் கேட்பது, "எப்போ வேலைக்குப் போகலாம்?" என்பதுதான். பதில் அவரது நெஞ்செலும்பில் இருக்கிறது.

எலும்புக்கு 3 மாதம்

நடு நெஞ்செலும்பைப் பிளந்துதான் இந்த ஆபரேஷன் நடக்கிறது. முடிந்ததும் ஸ்டீல் கம்பியால் இறுக்கிக் கட்டுகிறார்கள். மேல் தோல் சில வாரத்தில் ஆறிவிடும். எலும்பு கூட 6 முதல் 8 வாரம், முழு பலம் வர சுமார் 3 மாதம். ஒரு மாதத்தில் 'நல்லாத்தானே இருக்கேன்' என்று தோன்றும். சிக்கலே அங்கேதான்.

ஆஸ்பத்திரியில்

சிக்கல் இல்லாவிட்டால் ஐசியூவில் ஓரிரு நாள், மொத்தம் ஒரு வாரம் அளவில். வலித்தாலும் சீக்கிரமே எழுந்து நடக்க வைப்பார்கள். மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியைப் பலர் ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, உள்ளே இழுக்க வேண்டும். சளி தேங்கி நிமோனியா வராமல் இருக்கத்தான் அது. இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் வலி குறையும்.

வீட்டில்

முதல் 6 முதல் 8 வாரம் 4, 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. ஒரு குடம் தண்ணீரே அதைத் தாண்டிவிடும். பாவு பீம் பற்றிச் சொல்லவே வேண்டாம். பேரப்பிள்ளையையும் மடியில் உட்கார வைக்கலாம், தூக்கக் கூடாது. டூவீலர் ஓட்டவும் டாக்டர் அனுமதி வேண்டும். தினமும் நடக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். காலில் நரம்பு எடுத்திருந்தால் வீங்கும். உட்காரும்போது காலை உயர்த்தி வையுங்கள்.

தூக்கம் வராது, காரணமில்லாமல் அழுகை வரும். ஆண்கள் இதை வெளியே சொல்வதில்லை. பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும், நீடித்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். செயற்கை உலோக வால்வு வைத்தவர்கள் ஐஎன்ஆர் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. கீரையை ஒரே அளவில் சாப்பிட வேண்டும்.

கூலி?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். வீட்டில் இருக்கும் நாள்களின் கூலி அதில் வராது. அதனால் ஆபரேஷனுக்கு முன்பே தறி உரிமையாளரிடம் பேசிவைப்பது நல்லது. சுமக்காத, இழுக்காத வேலையை டாக்டர் முன்னதாக அனுமதிக்கலாம். பீம் ஏற்றும் வேலைக்கு 3 மாதம் கழித்து, அவர் பார்த்துச் சொன்ன பிறகே.

உடனே போக வேண்டியது எப்போது?

காய்ச்சல், காயத்தில் சீழ், நெஞ்செலும்பில் 'டக் டக்' சத்தம், ஓரிரு நாளில் 2 கிலோ எடை கூடுவது - இவை தெரிந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத் திணறலோ புதிதாக நெஞ்சு வலியோ வந்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.