பெருகியதா, இடம் மாறியதா? படுவான்கரை யானைகளும் பிறப்பு–இறப்புக் கணக்கும்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையின் வெல்லாவெளி, உன்னிச்சை, புல்லுமலைப் பக்கங்களில் நெல் முற்றும் மாதங்களில் வட்டைக் காவலுக்குப் போவோரிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு, யானை பெருகிப்போச்சு என்பது. பறிபோன கதிரும் மனித உயிர்களும் அதன் பின்னால் இருப்பதால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் ஊருக்குள் அதிகம் தென்படுவதை எண்ணிக்கைப் பெருக்கமாகக் கொள்ள உயிரியல் இடம்தரவில்லை.

ஓரிடத்து விலங்குகளின் தொகையைப் பிறப்பு, இறப்பு, வரவு, வெளியேற்றம் ஆகிய நான்குமே தீர்மானிக்கின்றன. வாவி இறாலைப் பாருங்கள். தாய் இறால் கடலில் இலட்சக்கணக்கில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரம் வழியே வாவிக்குள் வந்து வளர்கின்றன. ஏறக்குறைய எல்லாமே சாகின்றன. ஒரு தாயின் சந்ததியில் இரண்டு வளர்ந்து இனம் பெருக்கினாலே தொகை குறையாது. ஒரு பருவம் பொய்த்தாலும் அடுத்த பருவம் ஈடுசெய்துவிடும்.

யானைக்கு அந்த வசதி இல்லை. சினைக்காலம் ஏறத்தாழ 22 மாதம். ஈற்றுக்கு ஒரு கன்று. ஷேர்மின் டி சில்வாவும் குழுவினரும் உடவளவைக் காட்டு யானைகளைப் பல்லாண்டு அவதானித்து 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெண் யானை முதல் கன்றை ஈனும் வயது சுமார் 13. அடுத்த கன்றுக்கான இடைவெளி ஏறத்தாழ 6 ஆண்டு. நூறு யானைகளில் ஈனும் வயதுப் பெண்கள் 30 என்று கொண்டால், ஆண்டுக்கு 5 கன்றுகளே கிடைக்கும்.

2011இல் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் நடத்திய நாடளாவிய கணக்கெடுப்பில் 5,879 யானைகள் எண்ணப்பட்டன. மேற்சொன்ன விகிதத்தில் அத்தொகைக்கு ஆண்டொன்றுக்கு 300க்கும் குறைவான கன்றுகளே சேரும். 2019இல் பதிவான யானை இறப்போ 400ஐத் தாண்டியது. தொகையைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தாலும் இந்த இடைவெளி அடைபடுவது கடினம்.

எத்தனை செத்தன என்பதைவிட எவை செத்தன என்பதே முக்கியம். வயலுக்கு வருபவற்றில் பெரும்பாலானவை வளர்ந்த ஆண்கள். ஓர் ஆண் பல பெண்களுடன் இணையும் இனத்தில் அவற்றின் சாவு பிறப்பு வீதத்தை உடனே குறைக்காது. பெண்ணின் சாவு அப்படியல்ல: அவள் இனி ஈனவிருந்த கன்றுகளும் அவளோடு போகின்றன, பால்குடிக் கன்று இருந்தால் அதுவும் பெரும்பாலும் பிழைக்காது. காட்டுப்பன்றிக்கு வைக்கும் ஹக்கபட்டாஸ் என்ற வாய்வெடி, ஒருமுறைகூட ஈனாத இளம் யானைகளின் வாயைச் சிதைத்துப் பட்டினியில் கொல்கிறது. மட்டக்களப்பு–கொழும்பு மீனகயா கடுகதிப் புகையிரதம் 2025 பெப்ரவரி 20இல் ஹபரணைக்கு அண்மையில் ஒரு கூட்டத்தில் மோதியதில், கன்றுகள் உட்படக் குறைந்தது 6 யானைகள் மாண்டன. வருடாந்த மொத்தத்தில் அவை வெறும் ஆறு. அந்தக் கூட்டத்துக்கோ ஒரு தலைமுறையின் இழப்பு.

அப்படியானால் படுவான்கரையில் யானை ஏன் கூடுதலாகத் தென்படுகிறது? போர்க்காலத்தில் மக்கள் இடம்பெயர்ந்த நிலங்கள் பற்றைக்காடாகி, யானைகள் அங்கே வந்து தங்கின. 2007இல் குடும்பிமலைச் சண்டை ஓய்ந்தபின் மக்கள் திரும்பிவந்து வயல்களை மீண்டும் விதைத்தார்கள். யானை பழகிப்போயிருந்த இடத்தில் கதிரும் விளைந்தது. இது வரவின் விளைவு. பிறப்பு கூடியதற்கு இதில் சான்றில்லை.

பெருகிவிட்டது என்ற முடிவு, சுடுவதும் பிடித்து வேறு காட்டில் விடுவதும் தீர்வு என்ற எண்ணத்துக்கு வழிவிடுகிறது. வரவுதான் காரணம் என்றால், அறுவடை முடியும்வரை வயலையும் ஊரையும் சுற்றி மின்வேலியைப் பழுதின்றி வைத்திருப்பதே விவசாயிக்கும் யானைக்கும் உதவும். இறப்பு எண்ணிக்கையை ஊர்வாரியாக, ஆண் எத்தனை, பெண் எத்தனை, எந்த வயது என்று பிரித்து ஆண்டுதோறும் மக்கள் முன் வைத்தால், படுவான்கரையில் எந்த வேலி முதலில் பழுதுபார்க்கப்பட வேண்டும் என்பதைக்கூட அதிலிருந்தே முடிவுசெய்யலாம்.