மட்டக்களப்பில் ஏடு தொடக்கல்

மட்டக்களப்பு வாவியின் கிழக்கே கிடக்கும் எழுவான்கரையிலும் மேற்கே வயல்வெளியாய் விரியும் படுவான்கரையிலும், பிள்ளைக்கு ஏடு தொடக்குவதென்பது பள்ளிக்கு அனுப்புமுன் செய்யும் ஆயத்தமாக அமையாமல், அதுவே கல்வியிற் புகும் வாயிலாக விளங்கிய காலமொன்று இருந்தது. விஜயதசமியிலோ தைப்பூசத்திலோ குறித்த சுபவேளையில், முழுகிப் புத்தாடை உடுத்த குழந்தையைப் பெரியவர் ஒருவர் மடியிலிருத்தி, தாம்பாளத்திற் பரப்பிய பச்சரிசியில் அதன் விரலைப் பிடித்து அகரத்தை எழுதுவிப்பார். எழுத்தாணியாற் கீறி மஞ்சள் பூசிய பனையோலை ஏடு அதன் கையிற் கொடுக்கப்படும். தாய்வழியே குடி எண்ணப்படும் இப்பிரதேசத்தில், அன்றைய தினம் தாய்மாமன் வாராதிருப்பது சிறிய குறையன்று. அதன்பின் திண்ணையிலிருந்து மணலில் எழுதிப் பழகுவதும், எழுதியதை உரத்துச் சொல்வதும், சொன்னதை மனனஞ் செய்வதுமாகப் பாடம் நடந்தது. காத்தான்குடி முதலிய முஸ்லிம் ஊர்களிலும் பிள்ளையை முதலில் லெப்பையிடம் ஓதவைத்த பின்னரே மற்றக் கல்வி.

விஜயதசமியும் தைப்பூசமும் சாஸ்திரப்படி வந்தவையே எனினும், இந்நாட்டின் மழையோடு அவை பொருந்திய விதம் வியக்கத்தக்கது. ஐப்பசிக்குப் பின் வாடைக்காற்றோடு தொடங்கும் மாரியில் வாவி பெருகி வயலும் வழியும் ஒன்றாகிவிடும். விஜயதசமி அதற்கு முன்னும், தைப்பூசம் அது தணியும் வேளையிலும் வருகின்றன. பஞ்சாங்கம் மழையைக் கேட்டு எழுதப்பட்டதோ என்று எண்ணத் தோன்றும்.

1814ஆம் ஆண்டில் மெதடிஸ்த மிசனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் இங்கு வந்து பள்ளி தொடங்கினார். ஓராண்டும் நிறையுமுன், 1815 ஏப்ரலில், அவர் காலமானபோதிலும் அவரிட்ட வித்து மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்தது. பெண்களுக்கு வின்சென்ட் பாடசாலையும், 1873இல் கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரியும் எழுந்தன. இப்பள்ளிகள் சுபமுகூர்த்தத்தை அறியா. அவற்றுக்கு இடாப்பும் மணியோசையுமே பிரமாணம். பிள்ளை கிறிஸ்தவ வேதத்தில் விழுந்துவிடுமோ என்று அஞ்சிய சைவப் பெற்றோர், வீட்டிலோ கோயிலிலோ ஏடு தொடக்கி, ஊர் ஆசிரியரிடம் சில காலம் பயிற்றுவித்த பின் மிசன் பள்ளியிற் சேர்த்தமை நல்ல உபாயமென்றே எனக்குப் படுகிறது. 1892இல் காரைதீவிற் பிறந்த மயில்வாகனன் இவ்வழியே சென்றவர்: ஊரிற் குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் முதற்கல்வி, பின் கல்முனை மெதடிஸ்த பாடசாலை, அதன்பின் மிக்கேல் கல்லூரி. மூன்று விதமான வாசல்களில் நுழைந்து வந்த அவரே விபுலானந்த அடிகளாகி, 1929இற் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார் என்பது, அச்சத்தோடு பிள்ளைகளை அனுப்பிய பெற்றோருக்குக் காலம் அளித்த மறுமொழி.

1945இல் இலவசக் கல்வி வந்தபின் ஏழைக் குடிசைகளிலிருந்தும் பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்பட்டனர். ஆனால் அரசாங்கத்தின் பள்ளி ஆண்டு ஜனவரியிற் பிறக்கிறது; மாரி வெள்ளம் முற்றும் வடியாத மாதம் அது. படுவான்கரைக் குழந்தை பள்ளிக்குப் போவதென்றால், துறையிலே தோணிக்காகக் காத்திருப்பதும், சேற்றில் மூத்த பிள்ளையின் தோளேறிச் செல்வதும் அதற்குரிய ஆயத்தங்களாயின; சிலேட்டும் புதுச் சட்டையும் இரண்டாம் பட்சமே. வெள்ளம் வடியட்டும், நெல் வெட்டு முடியட்டும் என்று ஓராண்டு பிந்தியவரும் உண்டு.

இந்நாளிற் குழந்தை முன்பள்ளியிலேயே எழுத்துகளை அறிந்துவிடுகிறது; ஐந்து வயது நிறைந்ததும் தரம் ஒன்றிற் சேர்கிறது. இருந்தும் ஏடு தொடக்கல் நின்றுபோகவில்லை. முந்திய விஜயதசமியிலேயே அதை முடித்துவிடுவோர் ஒருபுறமிருக்க, தைப்பூசத்தையே நம்பியிருக்கும் குடும்பங்களிற் பல ஆண்டுகளில் நேர்வது இது: சீருடை அணிந்து சில வாரங்கள் பள்ளிக்குப் போய்வந்த பிள்ளையைக் கோயிலுக்கு அழைத்துவந்து, அது முன்னமே எழுதத் தெரிந்த அகரத்தை அரிசியில் எழுதுவிக்கிறார்கள். ஐயரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. பிள்ளையோ அடுத்த எழுத்தையும் தானே எழுதிவிட அவசரப்படுகிறது.