வெடியுப்பு விளைந்த மண்

காவிரிக்கும் சேர்வராயன், கொல்லி மலைகளுக்கும் இடையே பரந்து கிடக்கும் சேலம், நாமக்கல் சமவெளி, நெசவுக்கும் இரும்புக்கும் பெயர் பெற்றிருந்த காலத்தில், மண்ணை வடித்துக் காய்ச்சி வெடியுப்பு எடுக்கும் தொழிலுக்கும் இடமாக இருந்தது. பொட்டாசியம் நைட்ரேட் எனப்படும் இந்த உப்பு, கந்தகமும் கரியும் சேர்ந்த கருமருந்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு எடையைப் பிடிப்பதாலும், பொற்கொல்லரின் திராவகத்துக்கும் கோயில் திருவிழாவின் வாணவேடிக்கைக்கும் சித்த மருத்துவருக்கும் வேண்டியிருந்ததாலும், போர் இல்லாத ஆண்டுகளிலும் அதற்குக் கேட்பு இருந்தது. இத்தொழிலைச் செய்தவர்கள் உப்பிலியர், உப்பாரர் என்று அழைக்கப்பட்டனர். ஒரு வினை எவ்வளவு தூரம் செல்லும், எவ்வளவு வேகமாகச் செல்லும் என்ற இரண்டு கேள்விகளையும் ஐரோப்பிய வேதியியல் எண்களால் அளக்கத் தொடங்குமுன்பே, அவற்றுக்கு ஏற்பத் தொழிலை ஒழுங்குபடுத்திக்கொண்ட இம்மக்களுக்கு, அறிவியல் வரலாற்றில் இன்னும் உரிய இடம் தரப்படவில்லை.

இச்சமவெளி 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை வரை ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் மைசூர் அரசில் அடங்கியிருந்தது. சங்ககிரி, நாமக்கல் போன்ற கோட்டைகளில் படை இருந்த காலத்தில் கருமருந்தின் தேவை எத்தகையது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உடன்படிக்கைக்குப் பின் பாராமகால், சேலம் பகுதிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் நிர்வகித்தனர். 1800, 1801ஆம் ஆண்டுகளில் மைசூரிலிருந்து கொங்கு நாட்டின் வழியே பயணம் செய்த ஃபிரான்சிஸ் புக்கானனும் மண்ணிலிருந்து உப்பும் வெடியுப்பும் எடுப்போரைத் தம் நூலில் குறித்திருக்கிறார்.

தொழிலின் மூலப்பொருள் கண்ட இடத்திலெல்லாம் கிடைப்பதன்று. ஊர் நத்தத்தின் பழைய மண், இடிந்த சுவர்களின் அடி, மாட்டுத் தொழுவம், ஆட்டுப்பட்டி ஆகிய இடங்களில், மழைக்காலம் முடிந்து வெயில் ஏறும்போது தரையின் மேல் வெண்மையாகப் பூக்கும் படிவையே அவர்கள் சுரண்டினர். கால்நடைகளின் சிறுநீரிலும் சாணத்திலும் உள்ள நைட்ரஜன் முதலில் அம்மோனியாவாகவும், பின் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களால் நைட்ரைட்டாகவும், இறுதியில் நைட்ரேட்டாகவும் மாறுகிறது. ஈரமும் காற்றும் வெப்பமும் ஒருங்கே அமைந்தால்தான் இவ்வினை நடக்கும். நீர் தேங்கினாலும் நிற்கும், மண் முற்றிலும் காய்ந்தாலும் நிற்கும். ஆகவே மழை தந்த ஈரம் மண்ணில் தங்கியிருக்கும் வாரங்களில் நைட்ரேட் உண்டாகி, அடுத்து வரும் வெயிலில் மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் மேலேறி ஆவியாகும்போது அது தரையில் படிகிறது. ஒருமுறை சுரண்டிய இடத்தை மறுபடியும் சுரண்டக் காத்திருக்க வேண்டியிருந்ததன் காரணம் இந்த வினைவேகமே. ஆள் கூட்டியோ அடுப்பைக் கூட்டியோ அதை விரைவுபடுத்த முடியாது.

இந்த மாற்றத்தைச் செய்வது உயிர்தான் என்று 1877இல் பாரிஸ் நகரில் தியோபில் ஷ்லேசிங்கும் அஷில் முன்ட்சும் நிறுவினர். மணலும் சுண்ணமும் நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாயில் அவர்கள் சாக்கடை நீரை மிக மெதுவாக வடியவிட்டபோது, ஏறத்தாழ இருபது நாள் வரை அம்மோனியா அம்மோனியாவாகவே வெளிவந்து, அதன் பின் நைட்ரேட் தோன்றத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் வினை நின்றது, தோட்ட மண்ணைக் கலக்கிய நீரைச் சிறிது ஊற்றியபின் மீண்டும் தொடங்கியது. வேதிப்பொருள்களுக்கு இடையே மட்டும் நடக்கும் வினைக்கு இருபது நாள் தயக்கம் இருக்க நியாயமில்லை. நுண்ணுயிர் பெருகுவதற்குத்தான் அந்தக் காலம் வேண்டும். உப்பிலியர் சாறு வடித்த மண்ணை வீசியெறியாமல் பழைய இடத்திலேயே பரப்பி வந்ததன் பயனும் இதனால் விளங்குகிறது: உப்பு போன மண்ணிலும் விதை போலச் சிறிது உயிர் எஞ்சியிருந்து அடுத்த விளைச்சலைத் தொடங்கிவைத்தது.

சுரண்டிய மண்ணைக் களிமண் பூசிய தொட்டியில், அடியில் வைக்கோலும் சுள்ளியும் பரப்பி, விறகுச் சாம்பலோடு இட்டு மிதித்து, மேலே நீர் கட்டினால், அடியில் உள்ள துளை வழியே செம்பழுப்பான சாறு சொட்டும். சாம்பல் இங்கே வெறும் சேர்மானமன்று. சுக்கான் கலந்த இப்பகுதி மண்ணில் நைட்ரேட்டின் ஒரு பகுதி கால்சியத்தோடு சேர்ந்தே இருக்கும். கால்சியம் நைட்ரேட்டோ காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியுமே தவிர எளிதில் படிகமாகாது. சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் அதனோடு வினைபுரியும்போது கால்சியம் கார்பனேட் கரையாத சுண்ணமாகத் தொட்டியில் தங்கிவிட, பொட்டாசியம் நைட்ரேட் சாற்றோடு இறங்குகிறது.

பின் அந்தச் சாற்றை அகன்ற பாத்திரத்தில் காய்ச்சுவர். இங்கேதான் தொழிலின் நுட்பம் முழுவதும் இருக்கிறது. 100 கிராம் நீரில் சமையலுப்பு 20 பாகை வெப்பத்தில் 36 கிராமும் கொதிநிலையில் 39 கிராமும் கரையும். வெடியுப்போ 20 பாகையில் 32 கிராம் அளவே கரைந்து, கொதிநிலையில் 240 கிராமுக்கு மேல் கரையும். எனவே சாறு சுண்டச் சுண்டச் சமையலுப்பு முதலில் கொதிக்கும் நீரிலேயே விழும். அதை அரித்தெடுத்துவிட்டுச் சாற்றை இரவெல்லாம் ஆறவிட்டால் வெடியுப்பு நீண்ட ஊசிகளாகப் படியும். ஒரு துளியைக் குளிர்ந்த ஓட்டில் விட்டு அது உறைகிறதா என்று பார்ப்பதே பதம் அறியும் முறை. கரைந்த பகுதியும் படிந்த பகுதியும் ஒன்றோடொன்று சமநிலையில் நிற்கும் இந்நிலையைப் பீகாரின் பூசா ஆய்வு நிலையத்தில் ஜே. டபிள்யூ. லெதரும் ஜே. என். முகர்ஜியும் 1910களில் துல்லியமாக அளந்தனர். வெடியுப்பும் சமையலுப்பும் ஒரே நீரில் இருக்கும்போது ஒன்றின் கரைதிறனை மற்றொன்று எவ்வாறு மாற்றுகிறது என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட வினா.

சமநிலை என்ற கருத்தே இதையொத்த ஓர் உவர் நிலத்தில் முளைத்தது என்பது கருதத்தக்கது. புரட்சிக்காலப் பிரான்சில் வெடியுப்புத் தயாரிப்பில் பங்கேற்ற குளோட் லூயி பெர்த்தொலே, 1798இல் நெப்போலியனோடு எகிப்து சென்றபோது, அங்குள்ள உவர் ஏரிகளின் கரையில் சமையலுப்பும் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்து சோடியம் கார்பனேட் விளைந்திருக்கக் கண்டார். ஆய்வுக்கூடத்தில் கார்பனேட் எப்போதும் சுண்ணமாகப் படிந்து வினை ஒரே திசையில் முடியும். ஏரிக்கரையில் சுண்ணாம்புக்கல் மலையளவு குவிந்திருந்ததால் அதே வினை எதிர்த்திசையில் சென்றிருந்தது. வினையின் திசையைப் பொருள்களின் அளவும் தீர்மானிக்கிறது என்ற இக்கருத்தை நார்வே நாட்டின் குல்ட்பர்க்கும் வாகேயும் 1864இல் விதியாக வகுத்தனர். உப்பிலியரின் சாம்பல் தொட்டியில் நடந்தது இவ்வினையின் முன்திசை வடிவமே.

இத்தொழில் தளர்ந்ததற்கு வேதியியலைவிடச் சட்டமே முதற்காரணம். சென்னை மாகாணத்தில் 1805இல் உப்பு அரசின் ஏகபோகமாக்கப்பட்டபின், வெடியுப்புக் காய்ச்சும்போது தவிர்க்கவே முடியாமல் விழும் சமையலுப்பு வரியை ஏய்க்கும் பொருளாகக் கருதப்பட்டது. உரிமமும் சோதனையும் வந்தன. 1889ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டம் பிடியை மேலும் இறுக்கியது. மண்ணுப்புக் காய்ச்சியவர்கள் பலர் மண் வெட்டவும் ஏரி, கிணறு தோண்டவும் சென்றனர். சேலம் நகராட்சித் தலைவராக இருந்து, பின் திருச்செங்கோட்டை அடுத்து ஆசிரமம் நிறுவிய இராஜாஜி 1930இல் வேதாரண்யத்துக்கு உப்பு நடைப்பயணம் சென்றார்; அப்பயணத்துக்குப் பாட்டு எழுதித் தந்தவரும் நாமக்கல் வெ. இராமலிங்கம் பிள்ளைதான். கடலிலிருந்து வெகுதொலைவில் உள்ள இச்சமவெளிக்கும் உப்பு வரியின் கொடுமை தெரிந்தே இருந்தது.

எஞ்சியதை உலகச் சந்தை முடித்தது. சிலி நாட்டின் பாலைவன நைட்ரேட் 19ஆம் நூற்றாண்டிலேயே விலையைக் குறைத்திருந்தது. 1909இல் ஃபிரிட்ஸ் ஹாபர் காற்றின் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் இணைத்து அம்மோனியா செய்து காட்டினார். வெப்பத்தை ஏற்றினால் வினை விரையும், ஆனால் சமநிலையில் அம்மோனியா குறைந்துவிடும். சாதாரண அழுத்தத்தில் 1000 பாகையில் கிடைப்பது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. வெப்பத்தைத் தணித்தால் சமநிலை சாதகமாகும், ஆனால் வினை நடவாது. அழுத்தத்தை 200 மடங்கு ஆக்கியும் இரும்பு வினையூக்கியைப் பயன்படுத்தியும் இந்த முரணைக் கடந்து, கார்ல் போஷ் 1913இல் ஓப்பாவில் ஆலை கட்டினார். கேரளத்தின் ஃபாக்ட் உர ஆலை 1947இல் விறகிலிருந்து பெற்ற வாயுவைக் கொண்டு அம்மோனியா செய்யத் தொடங்கியது. நெய்வேலியில் 1966இல் யூரியா வந்தது. கிடை போட்டு நிலத்துக்கு உரமேற்றிய கொங்கு விவசாயியின் கைக்கு மூட்டை உரம் எட்டியது.

நைட்ரஜன் இச்சமவெளியை விட்டுப் போகவில்லை. நாமக்கல்லின் கோழிப்பண்ணைகள் நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை அனுப்புகின்றன. கோழி எச்சத்தில் உள்ள நைட்ரஜனின் பெரும்பகுதி யூரிக் அமிலமாக வெளிவந்து நுண்ணுயிர்களால் அம்மோனியாவாகிறது. ஈர எருவில் அம்மோனியா வாயுவும் அம்மோனியம் அயனியும் சமநிலையில் நிற்கின்றன: காரத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 7ஆக இருக்கையில் வாயுவாக இருப்பது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு; 9.25ஐ எட்டினால் பாதிக்குப் பாதி. கொட்டகையில் கண் எரியும் நாள்களில் எருவின் உரச்சத்து காற்றோடு போய்க்கொண்டிருக்கிறது. வயலில் சேர்ந்தது பழைய நத்தத்தில் நடந்தது போலவே நைட்ரேட்டாகிறது. பயிர் எடுத்தது போக மிஞ்சியதைச் சுரண்டி எடுப்பார் இல்லாததால் அது மழையோடு கீழிறங்குகிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்த அளவைத் தாண்டிய கிணறுகள் இவ்விரு மாவட்டங்களிலும் இருப்பதை நிலத்தடி நீர் ஆய்வுகள் பதிவு செய்துள்ளன.