கதவுக்கு ஏத்த தரை

நடவு முடிஞ்சு கை கொஞ்சம் ஓய்ஞ்ச நேரம். பாகூர் பக்கத்திலிருந்து புதுச்சேரி டவுனுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில், திண்ணையும் முற்றமும் வச்ச பழைய வீடு. அடுப்படித் தரை வெடிச்சுக் கிடந்தது. “பழசு மேலேயே வெள்ளை டைல்ஸ் ஒட்டிடலாம், ரெண்டு நாள் வேலை” என்றார் கொத்தனார். ஒட்டினால் தரை ஒரு அங்குலம் உயரும். வாசக்கதவு, சுவரலமாரிக் கதவு எல்லாத்தையும் அடியில் அறுத்தாத்தான் திறக்கும். எல்லாம் பர்மாத் தேக்கு.

“நீ என்ன தம்பி சொல்றே?” என்றாள் அக்கா.

எனக்கு மரத்தோட கதைதான் முதலில் ஞாபகம் வந்தது. 1761ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடிச்சு ஊரையே தரைமட்டமாக்கினாங்க. 1765க்கு அப்புறம் பிரெஞ்சுக்காரர் திரும்ப வந்துதான் ஊர் மறுபடி எழும்பிச்சு. அதனால இங்கே நாம பார்க்கிற பழைய வீடெல்லாம் அதுக்குப் பிந்தினதுதான். 1852ல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. ரங்கூன், மோல்மீன் துறைகளிலிருந்து தேக்கு கப்பலேறி வந்தது. செட்டிநாட்டு வீடுகளின் தூணும் நிலையும் அப்படி வந்தவைதான். 1942ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைஞ்சதும், நம்மாட்கள் லட்சக்கணக்கில் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தாங்க. அந்த மர வியாபாரமும் முறிஞ்சுது.

தரை அப்படியில்லை, அது காலத்துக்குக் காலம் மாறினது. எங்க கிராமத்தில் சாணி மெழுகின மண்தரை. டவுனில் சுண்ணாம்புக் காரை, அப்புறம் சிமெண்டில் காவிப்பொடி கலந்து தேய்ச்ச சிவப்புத் தரை. தரையைப் பெயர்த்தா திரும்பப் போட்டுக்கலாம். கதவை அறுத்தா அறுத்ததுதான். அதனால கதவுக்கு ஏத்த மாதிரி தரையைப் பார்க்கணும் என்றேன்.

சரி, எந்தத் தரை? மறுபடி சிவப்பே போட்டால் செம்பழுப்புத் தேக்கோடு கலந்து, வெளிச்சம் குறைஞ்ச அடுப்படி இன்னும் இருட்டாயிடும். பளபள வெள்ளை போட்டால் நல்ல மரமும் அழுக்கா தெரியும், தண்ணி பட்டா வழுக்கும். ஆத்தங்குடிக் கல் வாங்கலாம்னு முடிவாச்சு. சிமெண்ட் பூக்கல் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தென் பிரான்சில் தொடங்கின தொழில். அந்த வகையைத்தான் காரைக்குடி பக்கத்து ஆத்தங்குடியில் கையால் செய்றாங்க. கண்ணாடித் தகடு மேலே அச்சு வச்சு, வண்ணச் சிமெண்டை ஊத்தி, பின்னால் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணியில் ஊறவைக்கிறாங்க. சூளையில் சுடுவதே கிடையாது.

ரெண்டு மூணு நிறத்தில் மாதிரிக் கல்லைக் கதவடியில் வச்சு, காலை வெயிலிலும் ராத்திரி விளக்கிலும் பார்த்தோம். தண்ணி தெளிச்சும் பார்த்தோம். சாம்பல் கலந்த வெளிர் மஞ்சள்தான் மரத்தை எடுத்துக் காட்டினது. ஓரத்துக்கு மட்டும் சிவப்பு. ஒரு குறை இருக்கு: புளியோ எலுமிச்சையோ கொட்டினால் உடனே துடைக்கணும், இல்லாட்டி கறை நிற்கும். அங்கணத்திலும் அடுப்பு முன்னாலும் கருப்புக் கடப்பைக்கல்.

கல் கனம், ஆகையால் பழைய தரையைப் பெயர்த்து, பழைய மட்டத்துக்கே போடணும். ரெண்டு நாள் வேலை ரெண்டு வாரமாச்சு. முற்றத்தில் அடுப்பு வச்சுச் சமைச்ச அக்கா என்னைத் திட்டாத நாளில்லை.

கல் பதிச்ச பிறகு நெல் உமி போட்டுத் தேய்ச்சால்தான் மினுக்கு வரும். உமி எங்க களத்து மூட்டை. தேய்ச்சு முடிச்சு, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைச்சதும் அக்கா அலமாரிக் கதவைத் திறந்து மூடினாள். எங்கேயும் உரசலை.